ஒரு பிடி கூடுதலாக

நைனா, இந்தக் கடிதாசை உன் பையில், மடித்து வைத்த நீலச் சட்டைக்கு மேலேயே வைக்கிறேன். காட்டுப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதே. இங்கேயே, நம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிடு. வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும், எதிர் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். "நீ பேசுனா அவன் செருப்ப மாட்டிக்கினு வெளிய பூடுவான். எழுதிக் குடு. எழுதுறப்போ யாராலயும் கத்த முடியாது" என்று உன் அப்பாதான் சொன்னார். அந்த மனுஷருக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல யோசனை வரும். இந்த வருஷத்துக்கு இதுதான் போலிருக்கிறது. பத்தாவது வரை படித்தவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டியில் நீ எலிகளுக்குத் தீவனம் வைக்கிற ஆய்வுக்கூடத்தில் புது ஆய்வு தொடங்குகிறது. அதே திங்கட்கிழமை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், கன்டெய்னர் யார்டில் உன்னைச் சேர்த்துவிடுவதாக உன் சிநேகிதன் பேசி வைத்திருக்கிறான். நீ துறைமுகத்துக்குப் போவதாக முடிவு செய்து பையும் கட்டிவிட்டாய். அந்த முடிவை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். துறைமுக வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம்கூட அங்கே கொஞ்சம் அதிகம் என்கிறாய். ஆனால் நீ அந்த வேலை பிடித்துப் போகவில்லை, இந்த வேலைக்குப் பயந்து போகிறாய். பெற்றவளுக்கு அது தெரியாதா?

நீ செய்த காரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வேறெங்கிருந்து, நம் தெருவிலிருந்துதான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாளில் யாராவது அளந்து ஊற்றிப் பார்த்திருக்கிறாயா? அண்டா காலியாகும் வரைக்கும் ஊற்ற வேண்டும். சொம்போடு வந்தவனுக்குச் சொம்பு நிறைய, குடத்தோடு வந்தவளுக்குக் குடம் நிறைய. போதும் என்று சொன்னவர்களைக்கூட விடமாட்டோம், கருவாட்டுக் குழம்பைக் காட்டி இன்னொரு அகப்பை ஊற்றித்தான் அனுப்புவோம். உனக்கு மீசை முளைத்த வருஷத்திலிருந்து அந்த அகப்பை உன் கையில்தான் இருக்கிறது. வீட்டிலும் இதே கதைதான். உன் அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, கூலி நெல்லை மரக்காலில் வாங்கியவர்கள். அடுத்தவன் தலைதட்டி அளந்து கொடுத்ததை வாங்கியே காலம் போனதாலோ என்னவோ, சொந்த வீட்டில் அளந்து போடுவது என்றால் அவர்களுக்கு ஆகவே ஆகாது. நம் வீட்டில் முதல் "போதும்" கணக்கில் வராது, அடுத்த "போதும்" மரியாதைக்குச் சொல்வது, தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால்தான் கரண்டி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளையைக் கூப்பிட்டு, எலிக்கு எடை போட்டுத் தீவனம் வை என்று சொன்னார்கள். வம்பு வராமல் என்ன செய்யும்?

சேர்ந்த புதிதில் நீ எவ்வளவு பேசினாய்! சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாய். ஒரே தீவனம், ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம்; அளவு மட்டும்தான் வேறு. ஒரு கூட்டத்துக்கு நாள் முழுக்கக் கூண்டில் தீவனம் இருக்கும். இன்னொரு கூட்டத்துக்குக் காலையில் எடை போட்டு வைத்ததோடு சரி. அந்த அளவு ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆயுசையும் என்ன செய்கிறது என்று மாதக் கணக்கில் பார்க்கிறார்கள் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் பாடம் எடுத்தாய். "இஷ்டத்துக்குத் துன்றது கொழுத்துப் போயி சீக்கிரமே சீக்குல வுழுதாம்மா. அளவா துன்றதுதான் சுறுசுறுப்பா, ரொம்ப நாளு இருக்குதாம். பட்டினின்னு நெனச்சிக்காத, வேண்டிய சத்து அத்தினியும் அதுல கீது" என்று நீயே சொன்னாய். உன் அப்பா அப்போது மூன்றாவது இட்லியை முடித்துவிட்டு நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், நீ சிரித்தாய். அந்தச் சாப்பாட்டு நேரம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் நீ பேசுவது குறைந்தது. ஒரு நாள் மட்டும் சொன்னாய்: "கதவத் தொறந்தா போதும்மா, அளவுத் தீவனக் கூண்டுல கீறதுங்க பின்னங்கால்ல நின்னுக்கினு என்னையே பாக்குதுங்க. மத்ததுங்க திரும்பிக்கூட பாக்கறதில்ல." நான் வறுவலைப் புரட்டிக்கொண்டே, "பாத்தா பாத்துட்டு போவுது, நீ வேலய பாரு" என்றேன். நீ வேலையைத்தான் பார்த்தாய். தினமும் சாயங்காலம் கிளம்புகிற முன்னால், கடைசித் தட்டில் இருந்த அளவுத் தீவனக் கூண்டுகளுக்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டு வந்தாய். விடிவதற்குள் அவை தின்று தீர்த்துவிடும், மிச்சம் இருக்காது, யாருக்கும் தெரியாது. கூழ் ஊற்றிய கை, சும்மா இருக்குமா?

என் வேலை உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதி வைக்கிறேன். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் உங்கள் எலிகளுக்காக நாங்கள் அரைத்து அழுத்தி மூட்டை கட்டுகிற தீவனம் மாட்டுத் தீவனம் மாதிரி கிடையாது. புண்ணாக்கு விலை ஏறிவிட்டது, இந்த மாதம் தவிட்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. கோதுமை, மக்காச்சோளம், சோயா, மீன் தூள், உப்புச் சத்து, விட்டமின் எல்லாம் போன மாதம் எப்படியோ இந்த மாதமும் அப்படியே இருக்க வேண்டும். ஓர் எலிக்கு ஈரல் கெட்டுப் போனால் கொடுத்த மருந்தால் கெட்டதா, தின்ற தீனியால் கெட்டதா என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வரக்கூடாது, அதற்காகத்தான் இத்தனை பாடு. கலவை போடுகிற இடத்தில் நாங்கள் பெண்கள் நிற்கிறோம். தலையில் குல்லா, வாயில் துணி, கையில் உறை. ஒரு வளையல்கூடப் போட விடமாட்டார்கள். அந்த இடத்துக்கு வந்து, "உங்கள் தீவனம் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

அதைத்தான் சொன்னார்கள். உன் ஆய்வுக்கூடத்திலிருந்து புகார் வந்தது. அளவுத் தீவனம் தின்கிற எலிகள் எடை கூடிக்கொண்டே போகின்றன, தராசைச் சோதித்துவிட்டோம், தராசு சரியாக இருக்கிறது, ஆகவே தீவனத்தில்தான் ஏதோ கோளாறு என்று. எங்கள் மெஷின் வரிசையை நிறுத்திவிட்டார்கள். மூட்டைகளிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எதை எப்போது கொட்டினாய் என்று கேட்டார். என் கூட நிற்கிறாளே ஆரம்பாக்கத்துக்காரி, அவள் அழுதே விட்டாள். எனக்கு அழுகை வராது, உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வருவது வேறு.

அன்று வீட்டுக்கு வந்து தட்டு வைத்ததும் ஆரம்பித்தேன். "எவனோ ஒரு வீணாப்போனவன் அங்க தப்பு பண்ணிட்டு எங்க தலையில கட்டறான்! அவன் மட்டும் என் கைல கெடச்சான், வெளக்கமாறு பிஞ்சிடும்! எங்க வயித்துல அடிச்சிட்டு அவன் ஊட்டுல சோறு எறங்குமா?" என்று நான் கத்த, உன் அப்பா, "சரி வுடு, பேஜாரு பண்ணாத, கொழம்ப ஊத்து" என்று தட்டை நீட்ட, நீ பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாய். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். நான் திட்டிய திட்டு அத்தனையும் உனக்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அந்த விளக்குமாற்றையாவது விட்டிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் சூப்பர்வைசர் வந்து, "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, அங்கயே ஒருத்தர் ஒத்துக்கினாராம், மெஷின ஓட்டுங்க" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரம்பாக்கத்துக்காரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் வரும் வழியில் கவரப்பேட்டையில் இறங்கி, சூடாக மசால் வடை கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே, "எவனோ ஒத்துக்கினானாம், நல்லா இருக்கட்டும் மவராசன்!" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தேன். நீ அப்பா பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாய். "நாந்தாம்மா அது" என்றாய். வடைப் பொட்டலம் கையிலேயே ஆறிப்போனது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை, நான் நிற்கிற இடத்துக்கே கெட்ட பேர் கொண்டு வந்துவிட்டானே என்கிற கோபம். ஆனால் விடிந்து எழுந்தபோது அது போய்விட்டது. உன்னை ஒருத்தரும் பிடிக்கவில்லை. பிடித்திருக்கவும் முடியாது. தீவனத்தின் மேல் பழி போய்விட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். நீயாகப் போய்ச் சொன்னாய். அம்மாவுக்காகச் சொன்னாயா, மனசு உறுத்திச் சொன்னாயா என்று கேட்க நினைத்தேன். எதற்காக இருந்தால் என்ன, சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருக்கிறது, முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் கஷ்டப்படுகிறேன்.

உன்னை உடைத்தது ஆய்வை நடத்துகிற உன் மேடம் திட்டியது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் திட்டவே இல்லை என்றாய். கணக்கு எல்லாம் போய்விட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், புது எலிகள் வரும் என்றார். அதுதான் உன்னைப் போட்டுத் தாக்கிவிட்டது. பழைய எலிகள் என்ன ஆயின என்று நான் கேட்டபோது எழுந்து போய்க் கை கழுவினாய், வெகு நேரம் கழுவினாய். அப்புறம் குழாயடியில் நின்றபடியே, "அதுங்க அத்தினி நாளு அங்க இருந்தது ஒண்ணுத்துக்கும் இல்லாம பூடுச்சும்மா. என்னாலதான்" என்றாய். நீ சொன்னது உண்மைதான், அதில் உனக்கு நான் ஆறுதல் சொல்ல முடியாது. நீ பாவம் பார்த்துப் போட்ட பிடியால் அந்த எலிகள் பட்டதெல்லாம் வீணாகி, இன்னும் ஒரு கூட்டம் எலி வந்து அதையே படப் போகிறது. இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் இதை மூடி மறைத்துவிட்டு உனக்கு நான் புத்தி சொல்ல முடியாது.

இது உனக்கு முதல் தடவையும் இல்லை, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா ரோலிங் மில் வேலையை விட்ட வருஷம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் சோற்றுக்கு அளவு சொன்னார். நான் டம்ளரில் அளந்து போட்டேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் அடுப்பைப் பார்ப்பேன். "இன்னாடி இது, கோயிக்குத் தீனி எரைக்கிற மாதிரி?" என்று தினமும் சண்டை. உனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறோம் என்று அவரை ஸ்டேஷன் பக்கம் கூட்டிப் போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாய். டாக்டர் என்ன செய்வார் பாவம்? இவ்வளவு அளவாகத் தின்றும் சர்க்கரை இறங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்டினார். நீ பயிற்சிக்கு வெளியூர் போன வாரம் பஜ்ஜி நின்றது, கூட்டின மாத்திரை நிற்கவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கிப்போய், கிணற்றடியில் வேர்த்து விறுவிறுத்து விழுந்தார் மனுஷர். நான் சர்க்கரையை வாயில் போட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து நீதான் டாக்டரிடம் பஜ்ஜிக் கதையைச் சொன்னாய். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் உங்கப்பாவுக்கு வைத்தியம் பாக்கலப்பா, நீங்க எனக்குத் தெரியாம கொடுத்த பஜ்ஜிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அந்த டாக்டர் இடத்தில் இப்போது உன் மேடம், பஜ்ஜி இடத்தில் அந்தக் கூடுதல் பிடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உன் அப்பாவை இப்போது பார். காலில் புண் கிடையாது, கண் நன்றாக இருக்கிறது, சோழவரம் வரைக்கும் சைக்கிளில் போய் ஏரி மீன் வாங்கிக்கொண்டு வருகிறார். அளவுச் சோற்றுக்கு இன்னும் முணுமுணுப்பார், அது அவர் பிறவிக் குணம். அந்த டம்ளர் சோறு போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது என்றா நினைக்கிறாய்? மலை மாதிரி குவித்துப் போட்டுப் பழகிய கை இது. தட்டில் கொஞ்சமாகப் போட்டுவிட்டு, அந்த மனுஷர் விரலை வழித்து வழித்து நக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, போடா உன் சர்க்கரையும் நீயும் என்று பானையோடு கவிழ்த்துவிடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியது. அள்ளிக் கொடுக்கும்போது நமக்கு மனசு குளிரும். அளந்து கொடுத்தால் குளிராது, வலிக்கும். வலித்தாலும் போட்டேன், ஏனென்றால் எனக்கு என் மனசு குளிர்வதைவிட அந்த ஆள் நடமாடுவதுதான் வேண்டியிருந்தது.

மேடம் உன்னிடம் சொன்னதை நீ என்னிடம் மறைக்காமல் சொன்னாய், அதற்கும் சந்தோஷம். "திங்கட்கிழமை தீவனம் வைக்க உங்க பேரைத்தான் போட்டிருக்கேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றாராம். நீ, "என்னால முடியாதுங்க மேடம், அதுங்க பாக்கறத என்னால தாங்க முடியாது" என்றாயாம். எனக்கென்னவோ அந்தம்மா விவரம் தெரிந்துதான் உன் பேரைப் போட்டிருக்கிறார் என்று படுகிறது. நீ வராவிட்டால் வேறொருவன் வருவான். கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அளவு துல்லியமாக வைப்பான், நேரத்துக்கு வருவான், நேரத்துக்குப் போவான். ஆனால் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதையும், மூலையில் ஒன்று மயிர் சிலிர்த்துச் சுருண்டு படுத்திருப்பதையும், பல் நீண்டுபோய்த் தின்ன முடியாமல் ஒன்று தீவனத்தை உருட்டிக்கொண்டே இருப்பதையும் அவன் பார்ப்பானா? இதெல்லாம் நீ பார்த்து மேடத்திடம் ஓடிப் போய்ச் சொன்னவை, நீயே என்னிடம் சொன்னவை. உன்னிடம் இருக்கிற பாவம் பார்க்கிற குணத்தை நான் விடச் சொல்லவில்லை, அதை வெளிச்சத்தில் வைத்துக்கொள் என்கிறேன். மனசு கேட்காத நாளில் மேடத்திடம் நேராகப் போய்க் கேள். கடிக்க ஒரு மரத்துண்டு வைக்கலாமா, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைக் குழாய் வைக்கலாமா, எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி வைக்கலாமா என்று கேள். அவர் சரி என்றால் வை, வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில். எதைச் செய்தாலும் நாலு பேருக்குத் தெரிந்து செய்.

உன் அப்பா இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இம்மாம் நீளமா? புள்ள பஸ்ஸ வுட்டுடுவான்" என்கிறார். விடட்டும். காட்டுப்பள்ளிக்குத்தான் போவேன் என்று நீ கிளம்பினாலும் நான் வழியை மறிக்க மாட்டேன், சாப்பாடு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். எங்கே இருந்தாலும் நீ என் பிள்ளைதான், தப்பைத் தானாகப் போய்ச் சொன்ன பிள்ளை. ஆனால் ஒன்று மட்டும் யோசித்துப் பார். புதிதாக வந்த எலிகள் இப்போது அங்கே கூண்டில்தான் இருக்கும். பாதிக் கூண்டுகளுக்கு அளந்துதான் விழப் போகிறது, நீ போனாலும் போகாவிட்டாலும் அது மாறாது. யாரோ ஒருத்தன் கதவைத் திறப்பான், எடை போட்டு வைப்பான். அவை நின்று அவனைப் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாத ஒருத்தன் கையால் அந்த அளவு விழட்டும், நைனா.

அம்மா